ஏணி தூக்கிப் போனவள்

ஜனவரி 8, திங்கள்

வியாபாரிகள் சங்கத்து நடுநிலைப் பள்ளியில் இன்று முதல் நான் நூலகர். எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. முப்பத்தெட்டு வருஷம் பாத்திரம் விற்றவன். அதற்கு முன்னால் அடுத்தவன் கடை வாசலில் உட்கார்ந்து குடத்திலும் தூக்குவாளியிலும் பேர் வெட்டிக் கொடுத்தவன். ஆயிரக்கணக்கான பேரை எழுத்துக்கூட்டி வெட்டியிருக்கிறேன். ஒரு புத்தகத்தை முழுசாக வாசித்தது கிடையாது. இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பழைய நூலகர் அம்மா ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த அறையைப் பூட்டி உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கலாம் என்று நானும் இருக்கிற சங்கக் கமிட்டியில் ஒருத்தர் சொன்னார். "ஓடுற கடையை எவனாவது பூட்டுவானா? நான் உட்காருறேன்" என்று சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். சம்பளம் வேண்டாம் என்றதும் கைதட்டல் இன்னும் கொஞ்சம் கூடியது.

கடையைப் பற்றிக் கவலை இல்லை. மகன் பிரபாகர் பார்த்துக்கொள்கிறான். கம்ப்யூட்டர் பில் வந்தபிறகு கல்லாவில் எனக்கு வேலை கிடையாது. நாற்காலியையும் மாற்றிவிட்டான். புதுசு சுழல்கிறது. எனக்கு அது சரிப்படாது.

ஜனவரி 10, புதன்

சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அடுக்கியவர்களுக்குத்தான் கடை வைக்கத் தெரியவில்லை. ஒன்பது இரும்பு பீரோ. கதைப் புத்தகமெல்லாம் மேல் தட்டில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். கண் மட்டத்தில் என்ன இருக்கிறது? பழைய ஆண்டறிக்கைகள். எந்தக் கடையிலாவது டம்ளரைப் பரணில் போட்டுவிட்டு அண்டாவை வாசலில் வைப்பானா?

இரண்டு நாளில் எல்லாவற்றையும் மாற்றினேன். படம் போட்டவை முன்னால், அட்டை பளபளப்பாக இருப்பவை ஜன்னல் பக்கம். முதல் நாள் நாலு பிள்ளைகள்தான் எட்டிப் பார்த்தார்கள். இன்று மதியம் முப்பத்தொரு பேர். தலைமையாசிரியை ஞானசெல்வி டீச்சர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அண்ணாச்சி கை வைத்தால் கூட்டம்தான்" என்றார். உண்மையைச் சொன்னால் என்ன பதில் சொல்வது?

ஜனவரி 12, வெள்ளி

ஒரு அம்மா வந்து சத்தம் போட்டார். பரீட்சை வரும்போது மகனுக்குப் பேய்க்கதை கொடுத்தேனாம். பையன் இரண்டு நாளாகத் தனியாகக் கொல்லைப் பக்கம் போவதில்லையாம். "அப்ப நல்லா வாசிச்சிருக்கான்மா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கோபத்தை விடவில்லை.

திரும்பி வந்த ஒரு புத்தகத்தில் ரசம் வாசனை. துடைத்து வெயிலில் வைத்தேன்.

ஜனவரி 23, செவ்வாய்

பிள்ளைகள் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

மதிய இடைவேளையில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ஆடுகிற காலுக்கு மரச்சக்கை வைத்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது தெரியாமல் இரண்டு பெண் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

"மொட்டை எங்கடி?"

"கீழதான் இருக்கும், குனிஞ்சு பாரு."

"நேத்து வனிதா மொட்டையை வச்சுட்டு எந்திரிக்கவே இல்ல தெரியுமா? பெல் அடிச்சும் விடல."

எனக்குத் தலையில் முடி இல்லை. முப்பது வயதிலேயே போய்விட்டது. கரண்டியின் முதுகு மாதிரி இருக்கும். கடையில் வேலை பார்த்த பையன்களும் பின்னால் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் நான் இல்லை.

ஜனவரி 24, புதன்

தொப்பி வாங்கினேன். வெயில் ஜாஸ்தி.

ஜனவரி 30, செவ்வாய்

ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. வெளியே போன தேதியை அதில் முத்திரை குத்துவார்கள். அதைப் பார்த்தாலே எது ஓடும் சரக்கு, எது ஓடாத சரக்கு என்று தெரிந்துவிடும். பழைய நூலகர் அம்மா இத்தனை வருஷம் இதைக் கவனிக்கவே இல்லை போலிருக்கிறது.

பத்து வருஷமாக ஒரு முத்திரைகூட விழாத புத்தகங்களைத் தனியாக எடுத்தேன். நானூற்றுச் சொச்சம். கமிட்டியில் சொன்னேன், சரி என்றார்கள். பழைய பேப்பர் கடை சவரிமுத்து தள்ளுவண்டியோடு வந்தான்.

அடித்தட்டில் ஒன்று கிடந்தது. அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கம் இல்லை. தலைப்பு இல்லை, எண் இல்லை, சீட்டே இல்லை. பதிவேட்டிலும் இல்லாத புத்தகம். முதலில் அதைத்தான் சாக்கில் போட்டேன். உள்ளே நூல் கட்டிச் சில நோட்டுத் தாள்கள் இருந்தன. ஒரு பக்கம் வெற்றாக இருந்ததால் உருவி வைத்துக்கொண்டேன். குறிப்பு எழுத ஆகும்.

அறை இப்போது கல்யாணத்துக்குக் கழுவிவிட்ட வீடு மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 1, வியாழன்

மதியம் பதினோரு பேர்தான் வந்தார்கள்.

பிப்ரவரி 2, வெள்ளி

ஆறு பேர். காய்ச்சல் எதுவும் பரவுகிறதா என்று ஞானசெல்வி டீச்சரிடம் விசாரித்தேன். இல்லையாம்.

பிப்ரவரி 5, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். என் தப்புதான்.

மதியம் எட்டாம் வகுப்பு ரித்திகாவும் இன்னொரு பிள்ளையும் அடித்தட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

ரித்திகா நிமிர்ந்தாள். "சார், மொட்டையைக் காணோம்."

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். "இதோ இருக்கேன். நல்லாப் பாத்துக்கோ. கூப்பிடுறதை மூஞ்சிக்கு நேரே கூப்பிடு."

இரண்டு பேரும் விழித்தார்கள். இன்னொரு பிள்ளைக்குப் புரிந்துவிட்டது; வாயைப் பொத்திக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் ஓடியது. ரித்திகா சிரிக்கவில்லை.

"உங்களைச் சொல்லல சார். புத்தகம். அட்டை இல்லாத புத்தகம். மொட்டைன்னுதான் சொல்லுவோம்."

"அதையா? அதை யாரும் எடுக்கிறதே இல்லையேம்மா. ஒரு முத்திரைகூடக் கிடையாது."

"நம்பர் இல்லாததை வீட்டுக்குத் தர மாட்டாங்க சார். அதனால இங்கயே வாசிப்போம். சாப்பிட்டுட்டு வந்து, ஒரு ஆள் வாசிக்க மத்தவங்க கேப்போம். எங்க அக்கா செட்டும் அப்படித்தான். பழைய மிஸ்ஸுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாங்க."

மதியக் கூட்டத்தைப் பார்த்து நான் என் அடுக்கின் திறமை என்று நினைத்திருந்தேன்.

"சார், மொட்டை எங்க?"

சொன்னேன். அந்தப் பிள்ளை முகத்தை எழுத முடியவில்லை. "தாள்களும் போச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

எந்தத் தாள் என்று கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மேஜை இழுப்பறையைத் திறந்தேன். பத்துத் தாளும் இருந்தன. இரண்டின் முதுகில் என் கையெழுத்து: 'பசை, ஆணி, பெனாயில்.'

பிப்ரவரி 6, செவ்வாய்

தாள்களை வாசித்தேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

ரித்திகா விவரம் சொன்னாள். அந்தக் கதையில் ஒரு பெண் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். பதினேழாம் பக்கத்தில் கதை பாதி வாக்கியத்தில் தொடங்கும்போதே ஏணி அவள் தோளில் இருக்கிறது. ஏன் தூக்கிப் போகிறாள் என்ற காரணம் தொலைந்துபோன பதினாறு பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வருஷமும் எட்டாம் வகுப்பு பள்ளியை விட்டுப் போவதற்கு முன்னால், பிப்ரவரி கடைசிக்குள், உட்கார்ந்து பேசி ஒரு காரணம் முடிவு பண்ணி எழுதி உள்ளே வைத்துவிட்டுப் போகும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எந்த ஆசிரியரும் மார்க் போட்டதில்லை.

2013-ஆம் வருஷப் பிள்ளைகள் எழுதியது: அவர்கள் வீட்டுக்கு மாடி இருந்தது, படி இல்லை. அந்த வீட்டை விட்டு விரட்டியபோது ஏணி மட்டும் இவளுடையது.

இன்னொன்று: அவள் அப்பா விளக்குக் கம்பத்தில் பல்பு மாற்றுகிறவர். அவர் விழுந்த ஏணி அது. எரிக்கவும் மனசில்லை, வீட்டில் வைக்கவும் மனசில்லை.

இன்னொன்று ஒரே வரி: 'அவளுக்குச் சீதனமாக அதைத்தான் கொடுத்தார்கள்.' அதற்குக் கீழே நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு வருஷத்துக்குத் தாள் இல்லை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த வருஷம் அது.

எத்தனை வியாபாரம் பார்த்திருக்கிறேன். ஒரு பொருள் வெளியே போகாமல், கை மாறாமல், கல்லாவுக்கு வராமல் இத்தனை பேருக்குப் பயன்பட்டதை நான் பார்த்ததில்லை. என் முதுகுப் பக்கத்தில் நடந்திருக்கிறது.

இந்த மாதக் கடைசிக்குள் அந்தப் புத்தகம் இங்கே வந்தாக வேண்டும்.

பிப்ரவரி 7, புதன்

சவரிமுத்து தலையைச் சொறிந்தான். "பெரிய சைஸெல்லாம் பேப்பர் மில்லுக்குப் போயிருச்சு அண்ணாச்சி. கதைப்புக் சைஸு கடலை வண்டிக்காரங்க எடுத்துட்டுப் போவாங்க. பொட்டலத்துக்குத் தோதா இருக்கும். சனிக்கிழமை அஞ்சு பேர் வந்தாங்க."

"எந்தப் புத்தகம் யார் கிட்டன்னு தெரியுமா?"

"நீங்க வித்த டம்ளர்ல யாரு காப்பி குடிக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கேட்டது நியாயம்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

நாலு வண்டியில் நாலு பொட்டலம் கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்து வாசித்தேன். ஒன்று வாய்ப்பாடு, ஒன்று கோழி வளர்ப்பு, இரண்டு ஆண்டறிக்கை. கடலையை வீணாக்க மனசில்லை. வயிறு சரியில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

கிடைத்தது. ஆனால் கிடைக்கவில்லை.

பேருந்து நிலையத்தின் பின்வாசலில் மாடத்தி என்று ஒரு அம்மா வண்டி போட்டிருக்கிறது. நாற்பத்தைந்து வயது இருக்கும். எனக்குக் கொடுத்த பொட்டலத்தில் 'ஏணியைச் சுவரில் சாய்க்காமல் மடியில் கிடத்திக்கொண்டு' என்று ஒரு வரி. வண்டியில் அடுப்புக்குப் பக்கத்தில் மொட்டை இருந்தது. கரி பட்டிருந்தது.

"இந்தப் புத்தகம் எனக்கு வேணும்மா. அஞ்சு கிலோ நல்ல தாள் தர்றேன்."

"அண்ணாச்சி கடையில எடுத்த குடம் பத்து வருஷமா ஒழுகாம இருக்கு. உங்களுக்கு இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இது இப்பக் கிடைக்காது."

"ஏன்?"

"படிச்சுக்கிட்டு இருக்கேன்ல."

நான் பத்துக் கிலோ என்றேன். காசு வேண்டுமென்றாலும் தருகிறேன் என்றேன். அந்த அம்மா கடலையைப் புரட்டிக்கொண்டே சிரித்தது. "படிச்ச தாளைத்தான் கிழிப்பேன், படிக்காததைத் தொட மாட்டேன். இவ ஏணியைத் தூக்கிட்டு எங்கதான் போறான்னு தெரியாம உங்க கையில குடுத்துட்டு நான் எப்படித் தூங்க?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு படிப்பே?"

"மூணு தாள், நாலு தாள். யாவாரத்துக்கு நடுவுல அவ்வளவுதான் ஓடும். மத்தபடி பழைய பேப்பர்லதான் கட்டுவேன்."

ஏற்கெனவே இருபத்திரண்டு தாள் போய்விட்டது. இனிமேல் அறுபத்தொன்றாம் பக்கத்திலிருந்துதான் இருக்கிறது. மொத்தம் இருநூற்று நாற்பத்தெட்டுப் பக்கம். அந்த அம்மா வேகத்துக்கு மார்ச் ஆகிவிடும்.

பேரம் பேசி நான் தோற்றது இதற்கு முன்னால் எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. தரமாட்டேன் என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எல்லாருக்கும் ஒரு விலை இருந்தது.

கடைசியில் ஒன்று சொன்னேன். "நீ கடலையை வறு. நான் வாசிக்கிறேன். சீக்கிரம் முடியும். இனிமே ஒரு தாளும் கிழிக்கக் கூடாது."

"வெத்துத் தாள் யாரு குடுப்பா?"

"நான் கொண்டாரேன்."

"அப்ப உக்காருங்க" என்று ஒரு டின்னைத் தள்ளிவிட்டது.

பிப்ரவரி 10, சனி

சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை இருபத்தெட்டுப் பக்கம். எனக்கு வாசிப்பு தடுக்குகிறது. பேர் வெட்டியவனின் வாசிப்பு. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். நடுவில் அந்த அம்மா, "ரெண்டு வரியைத் தாண்டிட்டீங்க அண்ணாச்சி" என்றது. பார்த்தால் உண்மை. கதையில் ஒரு ஓட்டை விழுந்தது அடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 13, செவ்வாய்

கடலை வாங்க வந்த நாலைந்து பேர் பொட்டலம் வாங்கியபிறகும் நின்றார்கள். நாசரேத் போகிற பஸ்ஸின் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். கதையில், ஆற்றங்கரையில் படகுக்காரன் அந்தப் பெண்ணை ஏணியோடு ஏற்ற மாட்டேன் என்று சொல்கிற இடம். "இவன் உருப்படுவானா?" என்று கண்டக்டர் கேட்டார். படகுக்காரனைத்தான்.

பிப்ரவரி 14, புதன்

பிரபாகர் வீட்டில் கேட்டான். "என்னப்பா, கடலை வண்டியில உக்காந்து கதை வாசிக்கிறீங்களாமே. நம்ம சங்கத்து ஆளுக கடைக்கே வந்து கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

"வாசிக்கிறாருன்னு சொல்லு" என்றேன்.

மருமகள் உள்ளே சிரித்தது கேட்டது. நல்ல பிள்ளை.

பிப்ரவரி 17, சனி

முடிந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வருவதற்குள் மாடத்தி அடுப்பை அணைத்திருந்தது. அறுபத்தோரு வயதில் ஒரு புத்தகத்தை முழுசாக, சரி, அறுபது பக்கம் குறைய, வாசித்திருக்கிறேன். அந்தப் பெண் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். எந்தத் தோளில் தழும்பு இருக்கும் என்றுகூடத் தெரியும். இதை ஒருத்தன் எங்கோ உட்கார்ந்து மையில் செய்திருக்கிறான். அவன் பேர்கூட இல்லை.

முடிவை இங்கே எழுத மாட்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை எதுவும் இந்த டைரியை எடுத்துப் பார்த்துவிட்டால்?

மாடத்தி அணைந்த அடுப்பில் கரியைக் கிளறிக்கொண்டிருந்தது. பிறகு, "மொதப் பதினாறு பக்கத்துல என்னதான் இருந்திருக்கும்?" என்றது. பிள்ளைகளின் வழக்கத்தைச் சொன்னேன். ஒவ்வொரு காரணமாகச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்ல காரணம்" என்றது. எது என்று கேட்டேன். "அதுகளுட்டச் சொல்றேன். உங்களுட்ட எதுக்கு?"

புத்தகத்தை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தது.

பிப்ரவரி 19, திங்கள்

அடித்தட்டில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மதியம் அறை நிறைந்துவிட்டது. எப்படித் தெரிந்ததோ.

ரித்திகா பக்கங்களைப் புரட்டினாள். "இருபத்திரண்டு தாள் போச்சு சார்." என்னை அவ்வளவு சுலபத்தில் விடமாட்டாள் என்று தெரிந்தது. "நாங்க வாசிச்சிட்டோம். ஆறாங்கிளாஸ் பிள்ளைக என்ன செய்யும்?"

ஆறாம் வகுப்பில் ஒரு குட்டிப் பெண், "அக்கா, அப்ப எங்களுக்கு எழுதுறதுக்கு நெறைய எடம் இருக்கு" என்றாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ரித்திகா என்னை முறைப்பதை நிறுத்தினாள். மன்னிக்கவில்லை, நிறுத்தினாள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 26, திங்கள்

எட்டாம் வகுப்புக்கு இந்த வருஷக் காரணம் அமையவில்லை. நாலு நாளாகச் சண்டை. பிள்ளைகள் பாதிப் பேர் 'புதையல்' என்கிறார்கள். ரித்திகா, "புதையல்னா மண்வெட்டிதானே தூக்கணும்?" என்று அதைத் தள்ளிவிட்டாள்.

பிப்ரவரி 28, புதன்

மாடத்தி வந்தது. வண்டியைப் பக்கத்துக் கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தலையை நன்றாக வாரி, மதிய இடைவேளைக்கு வந்து கேட்டில் நின்றது. ஞானசெல்வி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, வெளியாட்களை உள்ளே விடுறது..."

"வெளியாள் இல்ல டீச்சர். மொட்டையைக் காப்பாத்தினவங்க."

டீச்சர் என் தலையைப் பார்த்தார். விளக்கிச் சொல்ல நேரமில்லை.

மாடத்திக்கு நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தது. எட்டாம் வகுப்பு முழுவதும் இருந்தது. ரித்திகா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்கத்தே, அவ ஏன் ஏணியைத் தூக்கிட்டுப் போறா?" என்றாள்.

"நான் உங்க அளவுக்குப் படிச்சவ இல்ல. அஞ்சாவதோட நின்னவ. ஆனா தனியா ரொம்ப நடந்திருக்கேன்." ரித்திகாவின் நோட்டைப் பார்த்துச் சொன்னது. "ஒரு பொம்பள வெறுங்கையோட ரோட்டுல போனா பத்துப் பேர் கேப்பான், எங்க போற, எதுக்குப் போற, வீட்டுல சொன்னியான்னு. தோளுல ஒரு ஏணி இருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான். வேலைக்குப் போறான்னு நெனைச்சு வழி விட்ருவான். அது ஏறுறதுக்கு இல்லடா. போறதுக்கு."

பின்வரிசையில் இருந்த பையன்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ரித்திகா எழுதவில்லை; மாடத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள். பேனா போகிற சத்தம் மட்டும் கேட்டது. புதையல் கட்சிப் பையன் ஒருத்தன், "நாம மொதல்ல கையெழுத்துப் போடுவோம்டா" என்று எழுந்தான்.

நாற்பத்திரண்டு கையெழுத்து. மாடத்தியையும் போடச் சொன்னார்கள். மா, ட, த், தி என்று மெதுவாகப் போட்டது.

பெல் அடித்து எல்லாரும் போனபிறகு நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. பிரபாகர்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"ஸ்கூல்ல."

"ம். சரிப்பா" என்று வைத்துவிட்டான். அதற்கு மேல், எதுக்குப் போனீங்க, எப்ப வருவீங்க என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை.